தானாக வரும் ப்ளூ ஸ்கிரீன்: எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவகாசி டிசைன்:

வணக்கம். சிவகாசியில் சின்னதாக ஒரு டிசைன் சென்டர் நடத்துகிறேன். காலண்டர், டைரி, லேபிள் வேலைகள். ஆபீசில் முக்கியமான மெஷின் ஒன்று இருக்கிறது, அசெம்பிள் செய்தது: ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ப்ரோ. சில வாரங்களாக அதில் ப்ளூ ஸ்கிரீன் வந்துகொண்டே இருக்கிறது. நேரம் காலம் கிடையாது. ஒருநாள் முழுக்க ஒன்றும் ஆகாது, மறுநாள் கோரல்டிராவில் பாதி வேலையில் இருக்கும்போது திரை நீலமாகி, சதவீதம் ஓடி, தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். சேவ் செய்யாததெல்லாம் போச்சு.

எனக்குக் குழப்பம் என்னவென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே எரர் கோடு வருவதில்லை. பெரும்பாலும் ‘டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’, சில சமயம் ‘டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்’, ஒருமுறை ‘கர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர்’. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சர்வீஸ் செய்கிறவர் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டார், அப்புறம் வேறு ரேம் போட்டுப் பார்த்தார், பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றினார். நிற்கவில்லை. இப்போது ஃபார்மட் போட்டுவிடலாம் என்கிறார். எங்கள் தொழிலில் ஃபார்மட் என்பது லேசான காரியம் இல்லை. பழைய என்கோடிங் தமிழ் ஃபான்ட்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, கலர் புரொஃபைல், பிளக்இன், லைசென்ஸ் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, பழைய ஃபைலைத் திறந்தால் எழுத்து மாறாமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், பார்ட்டிகள் இப்போதே நெருக்குகிறார்கள். ஃபார்மட் போடாமல் காரணத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? டிரைவர், அதாவது ஹார்டுவேரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், பிரச்சினையாக இருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எந்த டிரைவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?


மதுரை ஹார்டுவேர்:

சார், கோடு மாறி மாறி வந்தால் நான் முதலில் ரேமைத்தான் சந்தேகப்படுவேன். வேறு ரேம் போட்டுப் பார்த்தார் என்கிறீர்கள், ஆனால் பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்திருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அது ஆனில் இருந்தால் ரேம் அதன் சாதாரண வேகத்தைவிடக் கூடுதலாக ஓடும், சில மதர்போர்டு அதைத் தாங்காது. அதை ஆஃப் செய்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமோ போர்டோ சரியில்லை என்று அர்த்தம். ஒன்றும் வராவிட்டால் தைரியமாக டிரைவர் பக்கம் போகலாம். அதற்கு முன்னால் ஃபார்மட் வேண்டாம். ஃபார்மட் போட்டாலும் அதே கெட்ட டிரைவர் திரும்ப வந்துவிடலாம்.


கர்னல் வாசகன்:

மேலே சொன்னது சரி, மெம்டெஸ்ட் ஓடட்டும். அதோடு கூட இதையும் செய்யுங்கள்.

முதலில் ஒரு விஷயம். கோரல்டிரா மாதிரி ஒரு மென்பொருள் தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. டிரைவர் அப்படி இல்லை. பெரும்பாலான டிரைவர்கள் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே மெமரி, நடுவில் தடுப்பு கிடையாது. ஒரு டிரைவர் தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் எழுதிவிட்டால் அதைக் கெட்ட தகவல் என்று தெரியாமல் இன்னொரு டிரைவர் எடுத்துப் படிக்கும், விழுவது அந்த இரண்டாவது ஆளாக இருக்கும். அதனால்தான் ஒரே காரணத்துக்குப் பல கோடுகள் வரலாம். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சின்ன அப்டேட் ஃபைலை அதன் கர்னல் டிரைவர் எல்லை தாண்டிப் படித்ததில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன, இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணினிகளில் ஹார்டுவேர் பழுது எதுவும் இல்லை.

உங்களுக்கு அடிக்கடி வரும் ஐஆர்கியூஎல் கோடுக்கும் ஒரு திட்டமான அர்த்தம் இருக்கிறது. பிராசஸர் அவசர வேலையில், அதாவது உயர்ந்த இன்டரப்ட் மட்டத்தில் இருக்கும்போது டிஸ்க்குக்குப் போய்விட்ட மெமரிப் பக்கத்தை யாரும் தொடக்கூடாது, அந்த நேரத்தில் விண்டோஸால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு டிரைவர் அப்படித் தொட்டாலோ, இல்லாத முகவரிக்குப் போனாலோ விண்டோஸ் அங்கேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். உங்கள் டிஸ்க்கில் இருக்கும் தகவல் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அந்த நிறுத்தம். டிபிசி வாட்ச்டாக் என்பது, சட்டென்று முடித்துவிட்டு விலக வேண்டிய வேலையை ஒரு டிரைவர் இழுத்துக்கொண்டே இருந்தது என்று அர்த்தம். எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், பழசாக இருந்தாலும் இது வரும், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து, அதில் ‘ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி’யின் செட்டிங்ஸ் போங்கள். ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் திரை நின்று நிதானமாகப் படிக்க முடியும். கீழே ‘ஸ்மால் மெமரி டம்ப்’ என்று வையுங்கள். விழும் நொடியில் மெமரியில் இருந்ததன் சின்னப் பதிவுதான் டம்ப். அப்புறம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா, அதில் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள், இருந்த இடத்திலேயே திறந்தால் பர்மிஷன் இல்லை என்று சொல்லும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘வின்டிபக்’ இலவசமாகக் கிடைக்கும், அதில் டம்ப்பைத் திறந்தால் ‘அனலைஸ்’ என்று நீல நிறத்தில் ஒரு இணைப்பு தெரியும், அதைச் சொடுக்கினால் போதும், எதையும் டைப் செய்ய வேண்டாம். முதல் தடவை, பெயர்களைக் காட்ட உதவும் சிம்பல் ஃபைல்களை இணையத்திலிருந்து இறக்கும், கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் ‘மாட்யூல் நேம்’, ‘இமேஜ் நேம்’ என்று இரண்டு வரிகள் வரும். அதையும் அதற்கு மேலே ‘ஸ்டாக்’ என்று வரும் பட்டியலையும் (விழுவதற்கு முன் எது எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) இங்கே எழுதுங்கள்.

ஒரு டம்ப் போதாது, குறைந்தது மூன்று நான்காவது வேண்டும். ‘என்டிஓஎஸ்கர்னல்’ என்ற பெயர் வந்தால் அதை நம்பாதீர்கள். அது விண்டோஸின் கர்னல், கடைசியில் கையைத் தூக்குகிற ஆள். வேறு யாரும் கிடைக்காதபோது அதன் பெயர் வரும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். விழும் நேரத்தில் எந்த மென்பொருள் திறந்திருந்தது என்பதைவிட, மெஷின் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று யோசித்துச் சொல்லுங்கள். பிரிண்ட் போனதா, பென்டிரைவ் செருகினீர்களா, ஸ்லீப்பிலிருந்து எழுந்ததா, நெட்வொர்க்கில் ஃபைல் போனதா?


சிவகாசி டிசைன்:

ரொம்ப நன்றி அண்ணா. எக்ஸ்எம்பி ஆஃப் செய்து மெம்டெஸ்ட் ராத்திரி ஓடியது, ஒரு பிழையும் இல்லை.

மினிடம்ப் ஃபோல்டரே இல்லை. ‘ஸ்மால் மெமரி டம்ப்’ என்றுதான் இருந்தது, ஆனாலும் எதுவும் எழுதப்படவில்லை. எஸ்எஸ்டி ஆயுசு குறையும் என்று பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் ஃபைல்) சி டிரைவிலிருந்து எடுத்து டி டிரைவில் வைத்துக் கொடுத்திருந்தார் மெஷின் அசெம்பிள் செய்தவர். அது காரணமாக இருக்குமா?

நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், ஃபோட்டோஷாப்பில் கனமான ஃபில்டர் ஓடும்போது ஒருமுறை கூட விழவில்லை. பெரும்பாலும் முடித்த ஃபைலைப் பக்கத்து ரூம் மெஷினுக்குக் காப்பி போடும்போதோ, சிடிபி சென்டருக்கு (அச்சுத் தகடு எடுக்கும் இடம்) பெரிய ஃபைலை அனுப்பும்போதோதான். அனுப்பிவிட்டு அடுத்த வேலையை கோரல்டிராவில் திறப்பேன், அதனால் கோரல்டிராதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நெட்வொர்க் யூஎஸ்பி வைஃபை டாங்கிளில் ஓடுகிறது.


கர்னல் வாசகன்:

பேஜ் ஃபைல்தான் காரணம். விழும் நொடியில் விண்டோஸ் டம்ப்பை முதலில் சி டிரைவில் இருக்கும் பேஜ் ஃபைலில்தான் எழுதும், அடுத்த தடவை ஆன் ஆனபிறகு அதிலிருந்து எடுத்துத் தனி ஃபைலாக்கும். அங்கே பேஜ் ஃபைல் இல்லாவிட்டால் எழுத இடமில்லை. சி டிரைவில் ‘சிஸ்டம் மேனேஜ்டு’ என்று வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எஸ்எஸ்டி ஆயுசைப் பற்றிக் கவலை வேண்டாம், இதனால் அது போய்விடாது.

டாங்கிள் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு ஏறக்குறைய விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் டம்ப் வரட்டும்.


சேலம் நெட்வொர்க்:

இதற்கு ஏன் காத்திருக்க வேண்டும்? விண்டோஸிலேயே ‘டிரைவர் வெரிஃபையர்’ இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அல்லாத எல்லா டிரைவரையும் டிக் செய்து ஓடவிட்டால் தப்பு செய்யும் டிரைவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கும்.


கர்னல் வாசகன்:

பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது வேலை செய்யும் விதமே டிரைவரை நெருக்கி வேண்டுமென்றே விழவைப்பது. டிரைவர் மெஷின் ஆன் ஆகும்போதே தப்பு செய்தால், டெஸ்க்டாப் வருவதற்கு முன்பே விழுந்து, ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி விழுந்து என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடுக்குப் போய் வெரிஃபையரை ரீசெட் செய்தால்தான் வெளியே வர முடியும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அங்கே 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம், அது கையில் இல்லாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஆல்பம் வேலை நெருக்கும்போது பிழைப்பு நடக்கும் ஒரே மெஷினில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டம்ப்பிலும் சின்னச் சோதனைகளிலும் பிடிபடாவிட்டால், ரிஸ்டோர் பாயின்ட், பேக்அப், ரெக்கவரி கீ மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, சந்தேகப்படும் ஒன்றிரண்டு டிரைவர்களை மட்டும் டிக் செய்து போடலாம். எல்லாவற்றையும் டிக் செய்தால் மெஷின் ஊர்ந்துதான் போகும்.


சேலம் நெட்வொர்க்:

சரி, ஒரே மெஷின் என்றால் நீங்கள் சொல்வது நியாயம்தான். எங்கள் ஆபீசில் டெஸ்ட் மெஷின் தனியாக இருப்பதால் அப்படிச் சொன்னேன்.


கோவை கேமர்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வருவது ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’. கேம் ஆடும்போது மட்டும் வருகிறது. இதற்கும் இதே வழிதானா?


மதுரை ஹார்டுவேர்:

தம்பி, உங்களுடையது கிராபிக்ஸ் பக்கம். கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மட்டும் ரீசெட் செய்து பார்க்கும், அதுவும் சரியாக நடக்காதபோதுதான் இந்தக் கோடு. நெட்டைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ ஓட்டிப் பழைய டிரைவரைச் சுத்தமாக எடுங்கள். அப்புறம் புதுசைப் போடுங்கள், புதுசில் வந்தால் அதற்கு முந்தையதைப் போடுங்கள். எதிலும் நிற்காவிட்டால் கார்டின் சூட்டையும் பவர் கேபிளையும் பாருங்கள். மேற்கொண்டு தனித் திரியாகக் கேளுங்கள், இங்கே கலந்துவிடும்.


சிவகாசி டிசைன்:

டம்ப்கள் கிடைத்துவிட்டன. பேஜ் ஃபைலை மாற்றிய பிறகு, பெரிய ஃபோல்டர் ஒன்றை வேண்டுமென்றே பக்கத்து மெஷினுக்குத் திரும்பத் திரும்பக் காப்பி போட்டுப் பார்த்தேன், விழுந்துவிட்டது. இரண்டில் இமேஜ் நேம் ‘என்டிஐஎஸ்.எஸ்ஒய்எஸ்’ என்று வருகிறது. ஒன்றில் நீங்கள் சொன்ன அந்த என்டிஓஎஸ்கர்னல். இன்னொன்றில் டாங்கிளின் டிரைவர் பெயரே நேராக வருகிறது. என்டிஐஎஸ் வந்த இரண்டிலும் ஸ்டாக் பட்டியலில் அதற்கு அடுத்தடுத்த வரிகளில் டாங்கிள் டிரைவரின் பெயர் இருக்கிறது. என்டிஐஎஸ் என்பது விண்டோஸுடையது என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தது. அப்படியென்றால் கெட்டுப்போனது விண்டோஸா, டாங்கிளா?


கர்னல் வாசகன்:

டாங்கிள். என்டிஐஎஸ் என்பது விண்டோஸில் எல்லா நெட்வொர்க் டிரைவர்களும் வழியாகப் போகும் அடுக்கு. மாடியில் குழாய் கசிந்தால் கீழ்வீட்டுச் சுவரில்தானே ஈரம் தெரியும், அந்த மாதிரி டாங்கிள் டிரைவர் கொடுத்த கெட்ட முகவரியை என்டிஐஎஸ் எடுத்துப் பயன்படுத்தும்போது இதன் பெயரில் விழுகிறது. கோடு வேறு, இமேஜ் நேம் வேறு, ஆனால் மூன்று ஸ்டாக்கில் ஒரே பெயர் திரும்ப வருகிறது பாருங்கள், தேட வேண்டியது அதைத்தான். வின்டிபக்கில் அந்த மாட்யூல் பெயரைச் சொடுக்கினால் அது எந்தத் தேதியில் தயாரான டிரைவர் என்று தெரியும், அதையும் பார்த்து வையுங்கள்.

ஆனால் டம்ப்பை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். டாங்கிளைப் பிடுங்கிவிட்டு ஒரு லேன் கேபிள் போட்டு, அதே ஃபோல்டரை அதே மெஷினுக்கு அதேபோல் காப்பி போடுங்கள். வழக்கமான வேலையும் சில நாள் ஓடட்டும். விழாமல் இருந்தால் சந்தேகமே இல்லை. செலவில்லாத சோதனை, எதையும் கெடுக்காது.

அது வரைக்கும் ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று இணையத்தில் கிடைக்கும் எதையும் ஏற்றிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களையும் சேர்த்து மாற்றி வைத்துவிடும், அப்புறம் எது காரணம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.


சிவகாசி டிசைன்:

லேன் கேபிள் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, ஒருமுறை கூட விழவில்லை. சிடிபிக்கு முழு ஆல்பம் ஃபைலும் போய்விட்டது. ஆனால் கேபிள் ஹால் நடுவில் தரையோடு கிடக்கிறது, வருகிறவர்கள் கால் தடுக்குகிறது. டாங்கிளுக்குச் சரியான டிரைவர் போட்டு ஓட்ட முடியுமா? பெட்டியோடு வந்த சிடியில் இருப்பதுதான் இப்போது இருக்கிறது, தேதி 2016 என்று காட்டுகிறது. எப்போதும் ஷட் டவுன் செய்து மறுநாள்தான் ஆன் செய்கிறோம், அதனால் பழைய டிரைவர் எதுவும் மிச்சம் இருக்காது அல்லவா?


கர்னல் வாசகன்:

2016 டிரைவர் என்றால் விண்டோஸ் 11 வருவதற்கு ஐந்து வருஷம் முந்தையது. போடலாம், ஆனால் முறையாகப் போடுங்கள்.

பெட்டியில் ஒரு பெயர் இருக்கும், உள்ளே இருக்கும் சிப் வேறு கம்பெனியுடையதாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்று போனால் விஐடி, பிஐடி என்று நான்கு நான்கு எழுத்தாக இரண்டு எண்கள் இருக்கும். அதை வைத்துத் தேடினால் சிப் எது என்று தெரிந்துவிடும். சிப் கம்பெனியின் தளத்தில் விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருந்தால் அதை முதலில் இறக்கி வையுங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுக்கும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கும் டிக் ஒன்று வரும், அதைப் போடுங்கள். டிக் போடாவிட்டால் விண்டோஸ் டிரைவர்களைச் சேர்த்து வைக்கும் ‘டிரைவர் ஸ்டோர்’ என்ற இடத்திலேயே பழைய டிரைவர் இருக்கும், டாங்கிளைச் செருகியதும் விண்டோஸ் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஒருமுறை நீக்கிய பிறகு ‘ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்’ கொடுத்து, அதற்கு முந்தைய பதிப்பு ஏதாவது எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள், வந்தால் அதையும் அப்படியே நீக்குங்கள்.

ஷட் டவுன் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் கர்னலையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்ப எடுக்கிறது. டிரைவர் புதிதாகத் தொடங்குவதே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும். ஆகவே டிரைவரை மாற்றியதும் ரீஸ்டார்ட் கொடுங்கள். எஸ்எஸ்டி மெஷினில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் மிச்சமாவது சில விநாடிகள்தான், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை எடுத்தே விடுங்கள் என்பேன்.

ஒரு தகவல்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025-இல் இந்தத் திரையை நீலத்திலிருந்து கறுப்பாக்கிவிட்டார்கள். அப்டேட் ஆன பிறகு கறுப்பில் வந்தால் புதுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். கோடும், தெரிந்தால் டிரைவர் பெயரும், அதிலும் வரும்.


மதுரை ஹார்டுவேர்:

சார், என்னைக் கேட்டால் அந்த டாங்கிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேபிளைச் சுவரோரமாக பிவிசி பட்டி அடித்துக் கொண்டுபோய்விடுங்கள், பெரிய செலவு ஆகாது. சிடிபிக்குப் பெரிய ஃபைல் அனுப்புகிற மெஷினுக்கு எப்போதும் கேபிள்தான் நல்லது, காப்பியும் வேகமாகப் போகும்.


சிவகாசி டிசைன்:

பட்டி அடிக்க ஆள் சொல்லிவிட்டேன், முக்கிய மெஷின் கேபிளிலேயே இருக்கட்டும். டாங்கிளுக்குப் புது டிரைவர் கிடைத்தது, அதை நீங்கள் சொன்ன முறையில் ரிசப்ஷன் மெஷினில் போட்டுப் பார்த்தேன். இதுவரை விழவில்லை. ஆனால் விண்டோஸ் அப்டேட்டில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியில் அதே டாங்கிளுக்கு ஒரு பழைய டிரைவரைக் காட்டுகிறது. அது தானாக ஏறிவிடுமா? தடுக்க வழி உண்டா? அந்த மெஷினும் ப்ரோ பதிப்புதான்.


கர்னல் வாசகன்:

ஆப்ஷனலில் இருப்பது நீங்கள் டிக் செய்யாதவரை ஏறாது, அதைத் தொடாமல் விடுங்கள். தானாக வரும் டிரைவர்களைத் தடுக்க, ப்ரோ பதிப்பு என்பதால் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கும். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், விண்டோஸ் அப்டேட், ‘மேனேஜ் அப்டேட்ஸ் ஆஃபர்டு ஃப்ரம் விண்டோஸ் அப்டேட்’ என்று போய் ‘டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்’ என்பதை எனேபிள் செய்யுங்கள். ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ போய் ‘நோ’ கொடுக்கலாம். இப்படிச் செய்தால் மற்ற எந்த டிரைவருக்கும் விண்டோஸ் வழியாகத் திருத்தம் வராது, அதனால் எப்போதாவது மதர்போர்டு கம்பெனி தளத்தில் நீங்களே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். புது டிரைவரின் ஃபைலை ஒரு பென்டிரைவில் பத்திரமாக வையுங்கள். ரிசப்ஷன் மெஷினிலும் பேஜ் ஃபைல் சி டிரைவில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டையும் ஒரே ஆள்தான் அசெம்பிள் செய்திருப்பார்.